கன்கஷன் என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்? (பாடசாலைத் துண்டுப்பிரசுரம் ஒன்றுக்காக)

உவர்மலை:

வணக்கம். திருகோணமலை நகரத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னம் பெற்றோருக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் கொடுப்பதற்காக முதலுதவித் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கம். அதில் 'கன்கஷன்' (அடிபட்டு மூளை குலுங்கி, அதன் வேலை சில காலம் குழம்புவது) என்ற சொல் பதினொரு தடவை வருகிறது.

அகராதிகளில் அதிர்ச்சி, மூளை அதிர்ச்சி, குலுக்கல், மோதல், தாக்கம் எல்லாம் கிடக்கிறது. "மூளை அதிர்ச்சி" என்று எழுதினால், கெட்ட செய்தி கேட்டு உறைந்துபோவதைப் போல ஏதோ மனம் சம்பந்தப்பட்டது என்று வாசிப்பவர் எடுத்துவிடுவாரோ என்று யோசனை. ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டால் பல பெற்றோருக்கு அது வெறும் ஓசைதான்.

கையில் இருக்கும் வேறு இரண்டு வேலையிலும் இதே சொல் இடறுகிறது. கடற்றொழில் அறிக்கை ஒன்றில் மீன்கள் 'கன்கஷனால்' செத்ததாக இருக்கிறது. இசைப் பாடக்குறிப்பு ஒன்றில் கைத்தாளத்தை 'கன்கஷன்' வகைக் கருவி என்று போட்டிருக்கிறார்கள். ஒரே தமிழ்ச்சொல்லை மூன்றுக்கும் வைக்கலாமா, வேறு வேறாகப் பிரிக்க வேண்டுமா? துண்டுப்பிரசுரத்தில் எந்த விவரம் விடுபடக்கூடாது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவி.


சொல்வேர்:

வேரிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில்தான் சேரும். இலத்தீனில் 'குவாட்டெரே' என்றால் குலுக்குதல், ஆட்டுதல். அதற்கு முன்னால் 'கொன்' சேர்ந்து 'கொன்குட்டெரே' ஆனால் பலமாகக் குலுக்குதல். 'பெர்' சேர்ந்தது பெர்கஷன், அது அடித்தல். 'டிஸ்' சேர்ந்தது டிஸ்கஷன், உதறிப் பிரித்துப் பார்த்தல். நாங்கள் இப்போது இங்கே செய்துகொண்டிருப்பதும் அதன் உறவுதான்.

கவனிக்க வேண்டியது: இந்தச் சொல்லுக்குள் உடைவு இல்லை, வெட்டு இல்லை, இரத்தம் இல்லை. பொருள் முழுசாக இருக்கிறது, ஆனால் குலுங்கியதால் அதன் வேலை குழம்பிவிட்டது. மருத்துவ இலத்தீனில் மூளைக் குலுக்கத்துக்கு 'கொமோட்டியோ செரிப்ரி' என்று பெயர். கண்ணில் பந்து பட்டு விழித்திரை வெளிறிப்போவது 'கொமோட்டியோ ரெற்றினே'. நெஞ்சில் அடிபட்ட கணத்தில் இதயத் துடிப்பு நின்றுபோவது 'கொமோட்டியோ கோர்டிஸ்'. மூன்று உறுப்பிலும் அதே கருத்துத்தான்: வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, உள்ளே இயக்கம் தடுமாறும்.

இனித் தமிழ். 'அதிர்' என்ற வினைக்கு நடுங்கு, குலுங்கு என்பதுதான் பழைய பொருள். "அதிர வருவதோர் நோய்" என்று 429ஆம் குறளில் வருவதும் ஆளை நடுங்கவைத்து வருகிற துன்பம். கோணேசர் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு என்கிறோமே, அதுவும் அந்த அதிர்தான். ஆகவே 'மூளை அதிர்ச்சி' என்று முதலில் ஆக்கியவர் பிழை விடவில்லை. பிழை பிறகு வந்தது. 'ஷொக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதிர்ச்சியையே கொடுத்துவிட்டோம். இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலையும் அதிர்ச்சி, தேர்வில் தோற்ற செய்தியும் அதிர்ச்சி. ஒரே முதலுதவித் தாளில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்.

ஆங்கிலக்காரரும் இதே குழியில் விழுந்தவர்கள்தான். முதலாம் உலகப்போரில் 1915இல் மருத்துவர் சார்ள்ஸ் மையர்ஸ் 'ஷெல் ஷொக்' என்ற பெயரை லான்செற் இதழில் எழுதினார். குண்டு வெடிப்பில் மூளை குலுங்கியதா, மனம் முறிந்ததா என்று அந்தப் பெயரைச் சுற்றி வருடக்கணக்காக வாதாட்டம் நடந்தது.

என் முடிவு: துண்டுப்பிரசுரத்துக்கு 'மூளைக் குலுக்கம்'. மீனுக்கும் வெடிக்கும் 'அதிர்வு' அல்லது 'அதிர்வலைத் தாக்கம்'. இசைக்கு அதைத் தெரிந்தவர் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கையும். பிரெஞ்சு மொழிச் சட்ட ஆவணத்தில் 'கன்கஷன்' என்று கண்டால் அதற்கும் தலைக்கும் தொடர்பில்லை. அரசு அலுவலர் தன் பதவியைக் கொண்டு, செலுத்தத் தேவையில்லாத பணத்தை வாங்கும் குற்றம் அது. இத்தாலியனில் 'கொன்குசியோனே'யும் அதற்குக் கிட்டத்தான். ரோம சட்டத்தில் ஆளை மிரட்டிக் குலுக்கிப் பணம் பறிப்பதற்கு இந்தப் பெயர் இருந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு இதை அடிக்கடி "மூளை அதிர்ச்சிக் குற்றம்" ஆக்கிவிடும்.


அவசரப்பிரிவு:

சொல் எதுவானாலும், அதற்குள் என்ன அடங்கும் என்ன அடங்காது என்று தெரிந்தால்தான் தாள் பயன்படும்.

பெரிய ஆளின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ. மண்டையோட்டுக்குள் மூளைத்தண்டுவடப் பாய்பொருளில் மிதக்கிறது. தலை திடீரென்று ஆடி நிற்கும்போது, அதிலும் முறுக்கித் திரும்பும்போது, மூளைக்குள் இருக்கும் நீண்ட நரம்பிழைகள் இழுபடும். இழுபட்ட இடத்தில் பொற்றாசியம் வெளியே கசியும், கல்சியம் உள்ளே புகும். இதைத் திரும்ப ஒழுங்குபடுத்த மூளைக்கு வழமையைவிடக் கூடுதலான குளுக்கோஸ் வேண்டும், ஆனால் அந்த நேரம் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். தலையிடி, மந்தம், ஞாபகக் குழப்பம் எல்லாம் இந்தப் பற்றாக்குறையின் முகங்கள். தலையில் நேரே அடிபடத்தான் வேண்டுமென்றில்லை. நெஞ்சில் பலமாக மோதுப்பட்டு கழுத்து சவுக்குப்போல வீசப்பட்டாலும் வரும்.

ஸ்கானில் இது தெரியாது. "ஸ்கான் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்பதை "மூளைக் குலுக்கம் இல்லை" என்று பொருள்கொள்ள வேண்டாம். சீ.ரி. ஸ்கான் எடுப்பது இரத்தக்கசிவும் எலும்பு வெடிப்பும் இல்லை என்று பார்க்க. அதனால்தான் தலையில் அடிபட்ட எல்லாருக்கும் எடுப்பதுமில்லை.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லவேண்டும். நோய் நிர்ணய அட்டையில் அவசரமாக எழுதும்போது நான்கு ஆங்கிலச் சொற்கள் ஒன்றுபோலவே தெரியும். கன்கஷன் என்றால் குலுக்கம். கன்ரியூஷன் என்றால் கண்டல், இரத்தம் கட்டிய காயம். அது மூளையில் இருந்தால் ஸ்கானில் தெரியும், கதையும் வேறு. கன்வல்ஷன் வலிப்பு. கன்ஃபியூஷன் ஆள் குழம்பியிருப்பது. மொழிபெயர்ப்பவர் ஒரு எழுத்தை மாற்றி வாசித்தால், நோயாளி அடுத்த கிளினிக்கில் வலிப்புக்காரர் ஆகிவிடுவார். சந்தேகமென்றால் எழுதிய பிரிவையே கேளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

தாளில் கட்டாயம் வரவேண்டியது: நினைவு தப்பவில்லை என்றாலும் இது இருக்கலாம். விளையாட்டில் நடப்பவற்றில் பெரும்பாலானவற்றில் நினைவு தப்புவதேயில்லை. அறிகுறிகள் உடனே வரலாம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருவதுபோல் இருத்தல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், அடிபட்டது எப்படி என்று நினைவில்லாமை, காரணமில்லாத எரிச்சல் அல்லது அழுகை, நித்திரை மாறுதல். பிள்ளைகளில் கடைசி இரண்டையும் "பஞ்சிப்படுகிறான்" என்று விட்டுவிடுவார்கள்.

இனி வருவதைத் தடித்த எழுத்தில், தனிப் பெட்டிக்குள் போடுங்கள். இரண்டு தடவை அல்லது அதற்குமேல் சத்தி, தலையிடி கூடிக்கொண்டே போவது, வலிப்பு, கை கால் பலவீனம் அல்லது விறைப்பு, பேச்சுக் குளறல், இரட்டையாகத் தெரிதல், கண்மணி ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருத்தல், காதாலோ மூக்காலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வருதல், கழுத்து நோ, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை. இதில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரியா அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு இந்த அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைதான்.

இவ்வளவு கண்டிப்பு ஏனென்றால், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையில் நாடி கிழிந்து இரத்தம் சேரும்போது முதல் சில மணித்தியாலம் ஆள் நன்றாகக் கதைப்பார், சாப்பிடுவார், பிறகு சடுதியாக விழுவார். ஆரம்பத்தில் அதற்கும் வெறும் குலுக்கத்துக்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது. முதல் 24 மணித்தியாலம் தனியே விடக்கூடாது என்பது இதற்காக.

"நித்திரை கொள்ள விடாதே" என்பது ஊரில் வேரூன்றிய பழக்கம். அது தேவையில்லை. மேலே சொன்ன ஆபத்துக் குறி இல்லாவிட்டால் நித்திரை நல்லது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். தலையிடிக்குப் பனடோல் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 20 கிலோப் பிள்ளையென்றால் 300 மில்லிகிராம். 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு நாள் அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் கொடுக்காதீர்கள். உள்ளே கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டக்கூடும்.


பழையபேனா:

சொல்வேர் ஐயா சொன்ன வேர் விளக்கம் சரி. முடிவோடு உடன்பாடில்லை. 'மூளை அதிர்ச்சி', 'மூளையதிர்ச்சி' பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் ஊன்றிவிட்டது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தன்பாட்டில் ஒரு சொல் ஆக்கினால், வைத்தியசாலை அட்டையில் ஒன்று, துண்டுப்பிரசுரத்தில் ஒன்று, விளையாட்டுப் பக்கத்தில் இன்னொன்று என்று ஆகிவிடும். தாய் ஒருத்தி மூன்றையும் மூன்று நோய் என்று நினைப்பாள்.

மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது கலைச்சொல்லை ஒழுங்குபடுத்தப் பட்ட பாடு இதற்காகத்தான். இன்னொன்று, 'குலுக்கம்' என்ற ஓசையில் ஒரு இலேசுத்தனம் இருக்கிறது. தகர டப்பாவைக் குலுக்குவதுபோல. பெற்றோர் அதைப் பாரதூரமாக எடுப்பார்களா?


சொல்வேர்:

ஊன்றிய சொல்லை ஒதுக்கக்கூடாது என்பது நியாயம். அப்படியானால் தலைப்பில் ஒருதடவை "மூளைக் குலுக்கம் (மூளை அதிர்ச்சி என்றும் சொல்வார்கள்)" என்று போட்டுவிட்டுப் பிறகு முழுக்க ஒன்றையே பாவிக்கலாம். இலேசுத்தனம் பற்றிச் சொன்னது எனக்கு ஒத்துவரவில்லை. பாரதூரத்தைச் சொல்லவேண்டியது ஆபத்துக் குறிப் பெட்டி. பெயர் பயமுறுத்த வேண்டியதில்லை. "குலுங்கியது, ஆறும், ஆனால் திரும்பக் குலுங்கக்கூடாது" என்பதைக் 'குலுக்கம்' தானாகவே சொல்லிவிடுகிறது. 'அதிர்ச்சி' அதைச் சொல்லாது.


மூன்றாம்_ஸ்லிப்:

சொல்லாராய்ச்சிக்குள் தலைபோட வரவில்லை. மைதானத்தில் என்ன செய்வது என்பது தாளில் இருக்கவேண்டும். மக்கெய்சர் மைதானமோ ஏகாம்பரம் மைதானமோ, எல்லைக்கோட்டில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு ஆசிரியர்தான், வைத்தியர் இல்லை.

விழுந்த பிள்ளையை உடனே தூக்கி நிமிர்த்தாதீர்கள். முதலில் கழுத்து. கழுத்து நோகுது, கை கால் விறைக்குது என்றால் அப்படியே அசைக்காமல் வைத்து 1990. ஹெல்மட் போட்டிருந்தால் மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாதவரை கழற்ற வேண்டாம். கழுத்து பிரச்சினையில்லை என்றால் வெளியே கூட்டிவந்து இருத்திவிட்டுக் கேளுங்கள்: இப்ப எந்த மைதானத்தில நிக்கிறாய்? இது முதல் பாதியா இரண்டாவதா? கடைசியா கோல் போட்டது ஆர்? போன மச் ஆரோட? அதில வென்றமா? மடொக்ஸ் கேள்விகள் என்று இதற்குப் பெயர். "உன்ர பேர் என்ன, இண்டைக்கு என்ன கிழமை" என்று கேட்பதைவிட இது நல்லது. பெயரும் கிழமையும் குலுங்கிய மூளையிலிருந்தும் சரியாக வந்துவிடும், பத்து நிமிடத்துக்கு முன் நடந்தது வராது. சின்னப் பிள்ளைகளிடம் மச் விவரம் கேட்டுப் பயனில்லை. இடைவேளைக்கு முன்னமா பிறகா, ஆர் வகுப்பாசிரியர் என்று கேட்கலாம்.

ஒன்று பிழைத்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் அறிகுறி ஒன்று இருந்தால் முடிந்ததுதான். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு இறங்கு" என்பது ஆகப்பெரிய பிழை. முதலாவது ஆறமுன் இரண்டாவது அடி பட்டால், அரிதாக என்றாலும், மூளை சடுதியாக வீங்கி உயிர் போகலாம். இப்படி நடந்தவற்றில் பெரும்பாலானவர்கள் இளவயதினர். உயிருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் ஆறுகிற காலம் நீளும்.

திரும்ப இறங்குவது படிப்படியாக. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த ஆறு படி இப்போது பாவனையில் உள்ளது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வீட்டு நடமாட்டம் மட்டும், போன், ரிவி குறைத்து. பிறகு நடை, மெல்லிய சைக்கிள், கொஞ்சம் வேகமாக. மூன்றாவது தனியே ஓட்டமும் பந்துப் பயிற்சியும், தலையில் படக்கூடியது எதுவுமில்லாமல். நான்காவது குழுவோடு, ஆனால் மோதல் இல்லாமல். ஐந்தாவது முழுப் பயிற்சி. ஆறாவது போட்டி. ஒரு படிக்கு ஆகக்குறைந்தது ஒரு நாள். நான்காவதுக்குப் போக முன் அறிகுறி முற்றாகப் போயிருக்கவேண்டும், வைத்தியர் சம்மதமும் வேண்டும். முன்படிகளில் தலையிடி பத்துக்கு இரண்டு புள்ளி அளவில் கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்தி, அடுத்த நாள் பார்க்கவேண்டும். ஆட்டத்துக்கு முன்னம் பாடசாலை வகுப்புக்கு முழுசாகத் திரும்பியிருக்கவேண்டும். இதைச் சில பயிற்றுநர்கள் தலைகீழாக்குவார்கள்: வகுப்புக்கு லீவு, பயிற்சிக்கு ஆஜர்.

பெரியவர்கள் பலருக்கு இரண்டு கிழமைக்குள் ஆறும். பிள்ளைகளுக்கு நாலு கிழமை வரை எடுக்கலாம்.

கிரிக்கெட் சொல் பற்றியும் ஒரு வரி. சர்வதேச கிரிக்கெட் சபை (ஐ.சி.சி.) 2019 ஆகஸ்ட் 1 முதல் 'கன்கஷன் சப்ஸ்டிரியூட்' (மூளைக் குலுக்கம் பட்டவருக்குப் பதிலாக இறங்குபவர்) விதியைக் கொண்டுவந்தது. அதே மாதம் லோர்ட்ஸ் டெஸ்ட்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட்டில் முதலாவது அதுதான். வழமையான மாற்று வீரர் களத்தடுப்பு மட்டும் செய்வார். இவர் துடுப்பெடுத்தாடலாம், பந்தும் வீசலாம். ஆகவே வெறும் "மாற்று வீரர்" என்று எழுதினால் விதியே மாறிப்போகும். 2014 நவம்பரில் பிலிப் ஹியூஸ் இறந்ததைச் சிலர் இதோடு சேர்த்து எழுதுகிறார்கள். அது கழுத்தில் பந்து பட்டு முள்ளந்தண்டு நாடி கிழிந்த இரத்தப்பெருக்கு. குலுக்கம் இல்லை.

ஹெல்மட் போட்டால் வராது என்றும் தாளில் எழுதிவிடாதீர்கள். ஹெல்மட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை முறுகுவதை அந்தளவுக்கு நிறுத்தாது.


கரைவலை:

மீன் கதைக்கு வாறன். அந்த அறிக்கையில இருக்கிறது வெடி போட்டு மீன்பிடிக்கிறதைப் பற்றித்தான் இருக்கும். எங்கட பக்கத்தில ஆருக்கும் விளக்கம் தேவையில்லாத விஷயம்.

தண்ணிக்குள்ள அமுக்க அலை செக்கனுக்குக் கிட்டத்தட்ட 1500 மீற்றர் வேகத்தில போகும், காத்தில 340. தண்ணி அமுங்காது, ஆனபடியால் அடி குறையாமல் தூரம் போகும். மீனின்ர உடம்பும் ஏறத்தாழத் தண்ணிதான், அலை ஊடறுத்துப் போயிடும். சிக்கல் காத்துப்பையில. அதுக்குள்ள இருக்கிற காத்து ஒரு கணத்தில சுருங்கித் திரும்ப விரியேக்க பை கிழியும், பக்கத்தில இருக்கிற சிறுநீரகமும் இரத்தக்குழாயும் சேர்ந்து கிழியும். சூடை, சாளை, பாரை எல்லாம் இப்பிடிச் சாகும். காத்துப்பை இல்லாத திருக்கை, சுறா, நண்டு, இறால் அவ்வளவு லேசில சாகாது.

வெளியில பார்த்தால் வெடி மீன் நல்ல மீன் மாதிரித்தான். வயித்தை வெட்டினால் முள்ளந்தண்டு ஓரமா இரத்தம் கட்டியிருக்கும், விலா முள்ளு சதையை விட்டுக் கழண்டு நிக்கும், சதை சீக்கிரம் தளரும். மிதக்கிறதை மட்டும்தான் அள்ளுவினம். பை கிழிஞ்ச மீன் தாண்டு போயிடும், அது ஆருக்கும் இல்லாத நட்டம். புறாமலைப் பக்கத்து முருகைக்கல்லுக்கும் அதே அலைதான் அடிக்கும்.

ஆகவே அறிக்கையில "மூளை" எண்ட சொல்லே வரக்கூடாது. "வெடியின் அதிர்வலையால் காற்றுப்பை கிழிந்து இறந்தன" எண்டு நேராக எழுதுங்கோ. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் இதைத் தடுத்திருக்கு. அறிக்கையில சட்டப் பெயர் வந்தால் அதிகாரபூர்வத் தமிழ்ப் பிரதியில இருக்கிறபடியே எடுங்கோ, நீங்களாக ஆக்க வேண்டாம்.

இன்னொரு இடம். பழைய ஆங்கிலக் கடற்படைக் குறிப்புகளிலயும் இந்தச் சொல் கிடக்கும். ஹூட்ஸ் டவர் கடற்படை நூதனசாலையில நிக்கிற மாதிரிப் பெரிய பீரங்கி சுடேக்க வாற காத்தடிக்கும் அதுதான் பேர். 1942 ஏப்ரல் 9 திருகோணமலைக் குண்டுவீச்சைப் பற்றி மொழிபெயர்க்கிறவர், "கன்கஷனால் யன்னல்கள் உடைந்தன" எண்டு வந்தால் "வெடியதிர்வால்" எண்டு போட்டால் சரி.


பண்ணிசை:

இசைப் பகுதி சின்ன விஷயம், ஆனால் பிழைவிட இலகுவானது. ஹொர்ன்போஸ்ரல், சாக்ஸ் என்ற இசை ஆய்வாளர் இருவரும் 1914இல் வெளியிட்ட கருவிப் பகுப்பில் தானே ஒலிக்கும் கருவிகளை அடிக்கும் விதத்தை வைத்துப் பிரித்தார்கள். ஒலிக்கும் பாகங்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதினால் 'கன்கஷன்', எண் 111.1. ஒலிக்கும் பாகத்தை வேறொன்றால் தட்டினால் 'பெர்கஷன்', எண் 111.2.

நமது மரபில் தோல், துளை, நரம்பு, கஞ்சம் (வெண்கலம்) என்று பிரிப்போம். ஆனால் கஞ்சக்கருவி எல்லாம் 'கன்கஷன்' அல்ல. கைத்தாளமும் சிப்ளாக்கட்டையும் மோதுபவை, அவை 111.1. சேமக்கலத்தைத் தடியால் அடிக்கிறோம், அது 111.2. சலங்கை குலுக்கப்படுவது, அது வேறு எண். வேடிக்கை பாருங்கள், வேர்ப்பொருளில் குலுக்கம் என்று வந்த சொல் இங்கே குலுக்கும் கருவிக்குப் பொருந்தாது. கோலாட்டக் கோல்கூட மோதல் வகைதான். 'மோதொலிக் கருவி' என்று எழுதுங்கள், 'தட்டொலிக் கருவி'யோடு சோடியாக நிற்கும். மிருதங்கம், தவில் இந்தப் பிரிவுக்குள்ளேயே வராது, அவை தோல்.


உவர்மலை:

எல்லாருக்கும் நன்றி. மூன்றையும் பிரித்தே எழுதுகிறேன். துண்டுப்பிரசுரத்தின் முதல் பந்தி இப்படி வந்திருக்கிறது:

"மூளைக் குலுக்கம் (மூளை அதிர்ச்சி என்றும் சொல்வார்கள்) என்பது தலையிலோ உடம்பிலோ பட்ட அடியால் மூளை குலுங்கி, அதன் வேலை சில காலம் குழம்புவது. மயக்கம் வராவிட்டாலும் மூளைக் குலுக்கம் இருக்கலாம். ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அடிபட்ட பிள்ளை அன்றைக்குத் திரும்ப விளையாடக்கூடாது. முதல் இரண்டு நாள் பூரண ஓய்வு எடுக்கவேண்டும். முதல் 24 மணித்தியாலம் தனியே விடவேண்டாம்."

பிழை இருந்தால் சொல்லுங்கள்.


அவசரப்பிரிவு:

இரண்டு சொல் மாற்றவேண்டும்.

'மயக்கம்' ஆபத்தான சொல். எங்கள் பேச்சில் தலைச்சுற்றும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம். "மயக்கம் வந்ததா?" என்று கேட்டால் ஒரு தாய் தலைச்சுற்றை நினைத்து ஓமென்பார், இன்னொருவர் நினைவு தப்பியதை நினைத்து இல்லையென்பார். உங்கள் வரியில் அது நினைவு தப்புதல். அப்படியே "நினைவு தப்பாவிட்டாலும்" என்று எழுதுங்கள். அறிகுறிப் பட்டியலில் 'தலைச்சுற்று' தனியாக இருக்கட்டும். தாள் முழுக்க 'மயக்கம்' ஒரு இடத்திலும் வேண்டாம்.

'பூரண ஓய்வு' என்றால் பெற்றோர் பிள்ளையை இருட்டறையில் கட்டிலோடு கிடத்திவிடுவார்கள். முன்பு அப்படித்தான் சொன்னோம், இப்போது சொல்வதில்லை. அதிகநாள் படுக்கவைத்தால் அறிகுறிகள் நீளும். "முதல் இரண்டு நாள் ஓடாமல், பாரம் தூக்காமல், போனும் ரிவியும் குறைத்து, வீட்டுக்குள் மெல்ல நடமாடலாம்" என்று எழுதுங்கள். நீளம் கூடினாலும் பரவாயில்லை. இடம் போதாவிட்டால் ஸ்கான் வரியைப் பின்பக்கம் தள்ளலாம்.

மடித்த தாளின் வெளிப்பக்கத்தில் 1990 என்ற இலக்கம் பெரிதாக நிற்கட்டும். மைதானத்தில் ஒருவரும் தாளை விரித்து வாசிக்கமாட்டார்கள்.